மூன்று செட்டும் ஒரு காய்ச்சல் மாத்திரையும்

உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த வாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உங்கள் இருவருக்கும் பரோட்டாதான் ஞாபகம் வருகிறது. இரண்டு நாள் தொடர்ந்து கடைப் பரோட்டா, அதில் ஒன்று பள்ளிக்கூடம் இருக்கிற நாளில். பெரியவள் அப்போது ஏழாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது என்று உங்களிடம் சொல்லிவைத்தோம். காய்ச்சல் வந்தது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தது காய்ச்சலுக்காக மட்டும் இல்லை. நான் ஆசை ஆசையாகக் கொடுத்த மாத்திரை அவள் கல்லீரலைக் கெடுத்துவிட்டதோ என்று பார்ப்பதற்காகச் சேர்த்தார்கள். இப்போது நீங்களே மெடிக்கல் கடைக்குப் போய் மாத்திரை வாங்குகிற வயதுக்கு வந்துவிட்டீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும், ஆனால் அழித்துவிட வேண்டாம்.

முதலில் அந்த மாத்திரையைப் பற்றி நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பாராசிட்டமால் என்று எனக்குப் பெயர் தெரிந்ததே பின்னால்தான். நம் வீட்டில் அதற்குப் பெயர் காய்ச்சல் மாத்திரை. சின்னவனுக்கு ஒன்றரை வயதில் தடுப்பூசி போட்டுக் கூட்டிவந்த அன்று மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது. தொட்டால் கத்துகிறான், தூக்கினால் கத்துகிறான். உங்கள் அம்மா அவனோடு சேர்ந்து அழுதாள். ஊசி போட்ட நர்ஸம்மா ஏற்கெனவே எடையைப் பார்த்து, மூடியில் எந்தக் கோடு வரைக்கும் மருந்து ஊற்ற வேண்டும் என்று காட்டி அனுப்பியிருந்தார்கள். அதன்படி ஊற்றிக் கொடுத்தோம். முக்கால் மணி நேரத்தில் நெற்றி வியர்த்து, என் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான். அந்த வியர்வையை நான் மறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அந்த மருந்தின் மேல் வந்தது நம்பிக்கை இல்லை, பக்தி.

பிறகு எனக்கே கடைவாய்ப் பல் வலித்தபோது, படப்பை ரோட்டில் நான் வேலை பார்க்கிற குடோனில் லீவு கிடைக்காமல், அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பல் டாக்டரிடம் போகிற நாள்வரை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். தலைவலி, மழையில் நனைந்த உடம்பு வலி, எல்லாவற்றுக்கும் அதுதான். அது நோயைத் தீர்க்காது. சூட்டை இறக்கும், வலியை மட்டுப்படுத்தும். நடுவில் உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எல்லாக் காய்ச்சலுக்கும் டாக்டர் வாசலில் டோக்கன் போட்டு உட்கார நம்மால் முடியுமா? அந்த வகையில் அது நம்மைப் போன்றவர்களுக்கு ஒத்தாசையான மாத்திரை. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் பக்தி வந்தால் கேள்வி போய்விடுகிறது. நர்ஸம்மா எடையைப் பார்த்துத்தான் அளவு சொன்னார்கள் என்பதை மறந்துவிட்டேன். வியர்வை மட்டும் ஞாபகம் இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு எவர்சில்வர் டப்பாவில் எப்போதும் இரண்டு அட்டை மாத்திரை வைத்திருப்பேன். வீட்டில் யார் தும்மினாலும் டப்பா இறங்கும். "எங்க வீட்டு டாக்டரு" என்று உங்கள் அம்மா கிண்டல் செய்வாள். கிண்டல் என்று தெரிந்தும் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த ஐப்பசியில் முடிச்சூர் ரோடு முழுக்கத் தண்ணீர். நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் காய்ச்சல் ஆரம்பித்தது. மூக்கு ஒழுகியது, கை கால் எல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. நான் நேராகத் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். அந்தத் தம்பி நமக்குப் பல வருஷப் பழக்கம்.

"இன்னாண்ணா, யாருக்கு?"

"வீட்ல. காய்ச்சல், உடம்பு வலி, மூக்கு வேற ஒழுகுது. செட்டு போட்டுக் குடு."

"வாந்தி எதுனா கீதா?"

"அதெல்லாம் இல்ல."

"மூணு செட்டு தரேன். காலைல ஒண்ணு, மதியானம் ஒண்ணு, நைட்டு ஒண்ணு. சாப்ட்டு போட சொல்லு. நாளைக்கும் அப்டியே கீதுன்னா வந்து இன்னொரு மூணு வாங்கிக்க."

செட்டு என்றால் உங்களுக்கே தெரியும். நாலு அட்டையை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைக் கத்தரித்து, நாலையும் ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்துத் தருவார்கள். ஒரு கவர் ஒரு வேளைக்கு. வெட்டின துண்டில் பெயர் பாதிதான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. நாமும் பார்ப்பதில்லை. வெள்ளையில் நீளமாக ஒன்று, மஞ்சளில் குட்டியாக ஒன்று, ஒரு கேப்சூல், வட்டமாக ஒன்று. என்னைப் பொறுத்தவரைக்கும் அது நாலு மருந்து இல்லை. செட்டு என்கிற ஒரே மருந்து. டீ என்றால் டீ, அதற்குள் பால் எவ்வளவு சர்க்கரை எவ்வளவு என்றா பிரித்துப் பார்க்கிறோம்? என் தவறு அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. செட்டு, சளிக்கும் உடம்பு வலிக்கும். காய்ச்சலுக்கு, டப்பாவில் இருக்கிற காய்ச்சல் மாத்திரை. இரண்டும் வேறு வேறு என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லி சாப்பிட்டதும் செட்டைப் போட்டாள். நான் டப்பாவோடு தண்ணீர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னும் ஒண்ணா? இப்பதானே கவர்ல இருந்து போட்டேன்."

"அது செட்டும்மா. இது காய்ச்சலுக்கு."

"எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதானே போவுது."

"டாக்டர் நீயா, நானா?"

"நீங்கதான் சாமி," என்று கையை நீட்டினாள்.

அன்றைக்கும் அடுத்த நாளும் அவள் வேலைக்குப் போனாள். மத்தியான வேளைக்கான செட்டையும் காய்ச்சல் மாத்திரையையும் நானே டிபன் பையில் வைத்து அனுப்பினேன். தாம்பரம் சானடோரியத்தில் அவள் சட்டைக் காலர் தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் அனுப்புகிற வாரம். சாயந்திரம் வரும்போதெல்லாம் முகம் வெளுத்திருக்கும். ஆனால் காய்ச்சல் நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்குள் தர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "பாத்தியா, நூறுகூட இல்ல" என்று நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். மருந்து வேலை செய்கிறது என்றால் கூட்டிக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வேலை செய்யும் என்று நினைக்கிற ஆள் நான். மூன்று செட்டு முடிந்ததும் இன்னும் மூன்று வாங்கினேன். அதுவும் முடிந்து இன்னொரு மூன்று.

வியாழக்கிழமை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தாள். சாப்பாட்டு வாசனையே பிடிக்கவில்லை. கீழ் வீட்டில் இருக்கிற ரிட்டையர்டு டீச்சரம்மா மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதையும் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. வெறும் வயிறாக இருந்தாலும் மருந்தை விடக்கூடாது என்று நான் வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி அவள் அசந்து தூங்கிவிட்டதால் ஒரு கவர் மட்டும் மீந்தது.

வெள்ளிக்கிழமை காலை வாந்தி எடுத்தாள். வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே வலிக்கிறது என்றாள்.

"காய்ச்சல்தான் இல்லையேம்மா," என்றேன், நெற்றியைத் தொட்டுப் பார்த்து.

"காய்ச்சல் போயிடுச்சுங்க. அது பின்னாடியே நானும் போற மாதிரி இருக்கு."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வலிக்கும் அந்த மாத்திரை கேட்கும் என்று டப்பாவைத் திறந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். விழுங்கிய அடுத்த நிமிஷம் அதையும் வாந்தி எடுத்தாள். அவள் உடம்புக்கு என்னைவிட அறிவு இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனோம். வயதானவர்கள், அதிகம் பேச மாட்டார்கள். கண்ணைப் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள்.

"என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

"செட்டுங்க. மூணு வேளை."

"செட்டுல என்ன இருந்துச்சு?"

ஒன்பது செட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு மாத்திரையின் பெயர்கூடத் தெரியவில்லை. மீதி இருந்த ஒரு கவர் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மேசைமேல் கவிழ்த்துக் கொட்டி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார்கள். வெள்ளையில் நீளமாக இருந்ததை விரலால் தனியாக நகர்த்தினார்கள்.

"வீட்ல தனியா ஏதாவது குடுத்தீங்களா?"

"காய்ச்சல் மாத்திரை மட்டும் குடுத்தேங்க. அதுவும் மூணு வேளை."

"இதுதான் அது," என்றார்கள். "ரெண்டும் ஒண்ணுதான். அறுநூத்தம்பது மில்லிகிராம். நீங்க ஒவ்வொரு வேளையும் டபுளா குடுத்திருக்கீங்க."

டாக்டரம்மா உங்கள் அம்மாவிடம் திரும்பி, "வேற எங்கயாவது வாங்கிப் போட்டியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "கம்பெனில சூப்பர்வைசர் அக்கா தினம் ஒண்ணு குடுத்தாங்க. ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ்ல இருந்து. டீச்சரம்மா சாயந்திரம் சாயந்திரம் ஜலதோஷ மாத்திரை ஒண்ணு குடுப்பாங்க."

"ஜலதோஷ மாத்திரைலயும் இது உண்டு," என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா சீட்டில் கோடு போட்டார்கள். செட்டில் மூன்று, என் கையால் மூன்று, கம்பெனியில் ஒன்று, கீழ் வீட்டில் ஒன்று. எட்டுக் கோடு. ஒரு நாளைக்கு எட்டு. அதுவும் நாற்பத்தைந்து கிலோ உடம்பு, சரியாகச் சாப்பிடாத வயிறு.

"இந்த மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆறு மணி நேரம் விட்டு, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல போகாம இருந்தா நானே எழுதித் தருவேன். தாண்டினா கல்லீரலைப் பிடிக்கும். பிடிக்கிறப்போ உடனே தெரியாது, அதுதான் கஷ்டம். இனிமே எதையும் குடுக்காதீங்க. இப்பவே ரத்தம் எடுக்கணும்."

மத்தியானம் ரிசல்ட் வந்தது. கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து, "பயப்படாதீங்க, ஆனா தள்ளிப்போடாதீங்க" என்றார்கள். அந்த இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று ஆட்டோவில் போகும்போது எனக்குத் தெரியவில்லை. உங்கள் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். "பசங்களுக்குச் சாப்பாடு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கும் மறுநாளும் உங்களைப் பார்த்துக்கொண்டது டீச்சரம்மாதான். கடைச் சாப்பாட்டை எட்டிப் பார்க்காத அவர்கள், நீங்கள் அழக்கூடாது என்று நீங்கள் கேட்டதை எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். விஷயத்தைப் போனில் சொன்னேன். "நானும் குடுத்தேனேப்பா, பிரேயர் பண்ணிட்டுக் குடுத்தேன்," என்றார்கள். அவர்களை நான் என்ன சொல்வது? அவர்கள் கொடுத்தது ஒன்று. நான் கொடுத்தது ஆறு.

ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து சலைன் ஏற்றினார்கள். நேரத்துக்கு நேரம் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் குப்பியோடு போகும்போது நான் பின்னாலேயே வராண்டா முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்புவேன். மறுநாள் மத்தியானம் வார்டில் பார்வையாளர்கள் போன பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன்.

"கம்பெனில போட்டதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"சரி, கேக்கல. ஒரு நாளாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எப்டி சொல்றது? ஷிப்ட் முடிச்சு வந்து, பேன்ட்டுகூட மாத்தாம டம்ளரை ஏந்திகினு நிப்பீங்க. வேணாம்னா மூஞ்சி இவ்ளோண்டு ஆயிடும். அந்த அக்காவும் அப்டித்தான். டீச்சரம்மா அந்த முட்டியை வெச்சுகினு மாடி ஏறி வராங்க. யாரை வேணாம்னு சொல்வேன்?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நம் பக்கத்தில் அன்பு இப்படித்தான் வருகிறது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வெறுங்கையோடு போய்ப் பார்க்கக் கூச்சம். ஒரு மாத்திரையாவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் நமக்கு ஆறுதல். வாங்கிக்கொள்கிறவரும் மறுத்தால் மரியாதை இல்லை என்று விழுங்கிவிடுகிறார். நாலு பேர் அன்பும் ஒரே கல்லீரலுக்குள் போய்ச் சேருகிறது. மெடிக்கல் தம்பியையும் சேர்த்து எங்கள் நாலு பேரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர்கூட மற்றவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் சாயந்திரம் அளவுகள் இறங்க ஆரம்பித்தன. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு மெடிக்கல் தம்பியிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்கவில்லை.

"செட்டுக்குள்ள காய்ச்சல் மாத்திரை இருக்குன்னு நீ சொல்லல பாரு," என்றேன்.

அவன் நான் சொன்னதை எல்லாம் கேட்டான். முகம் மாறிவிட்டது. "அண்ணா, காய்ச்சல்னு சொல்லித்தானே கேட்ட? காய்ச்சலுக்குப் போடாம எப்டி செட்டு கட்டுவேன்? நீ வூட்ல தனியா குடுப்பன்னு எனக்கு எப்டி தெரியும்?" என்றான். பிறகு அவனே, "நான் கேட்டிருக்கணும்ணா. ஒன்பது செட்டு வாங்கினப்ப டாக்டராண்ட போன்னு சொல்லியிருக்கணும். அண்ணிக்கு இப்ப எப்டி கீது?" என்றான். அதற்கு மேல் எனக்குச் சண்டை வரவில்லை. இப்போது அவன் கவர்மேல் உள்ளே இருப்பது என்ன என்று பேனாவால் எழுதித் தருகிறான். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். இருந்தாலும் கேட்டால் படித்துக் காட்டுகிறான்.

பத்து நாள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்து டாக்டரம்மாவிடம் காட்டினோம். எல்லாம் பழைய நிலைக்கு வந்திருந்தது. நான் அத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"டாக்டர், அவளுக்கு அப்படி ஆனது என்னாலதானா?"

அவர்கள் ரிப்போர்ட்டை மடித்து என்னிடம் நீட்டினார்கள். "இந்தக் காய்ச்சலே கல்லீரலைத் தொடும். மாத்திரை ஜாஸ்தியானாலும் தொடும். எது எவ்வளவு பண்ணுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. காய்ச்சலை நம்மால வராமத் தடுக்க முடியல. மாத்திரையைத் தடுத்திருக்கலாம்," என்றார்கள்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த மாத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காய்ச்சலோ தலைவலியோ வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். போடும் முன்னால் அட்டையைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். செட்டாக இருந்தால் கடையிலேயே பிரித்துக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் போட்டேன் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலும், நடுவில் வாந்தி வந்தாலும் டாக்டரிடம் போங்கள். மாத்திரையால் சூடு இறங்கிவிட்டது என்றால் நோயும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. யாராவது பிரியமாக நீட்டினால், பிரியத்தை வாங்கிக்கொண்டு மாத்திரையைத் திருப்பிக் கொடுங்கள். மூஞ்சி சுருங்கினால் சுருங்கட்டும். என் மூஞ்சியாக இருந்தாலும்.

அது காய்ச்சல் செய்ததா, என் கை செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்போதாவது சமையல்கட்டில் அவள் தனியாக இருக்கும்போது கேட்பேன். கையில் இருக்கிற வேலையை நிறுத்தாமல், "காய்ச்சல்தாங்க, போதும் விடுங்க," என்பாள் உங்கள் அம்மா. நானும் நம்புகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.